ரேபன்டாலில் பத்தொன்பது நிமிடம்

3:42. முதல் கல். தகரக் கூரை. ஒற்றைச் சத்தம். மேலே யாரோ ஒரு போல்ட்டைக் கைதவறிப் போட்டது போல.

3:43. இரண்டாவது. மூன்றாவது. பிறகு எண்ண முடியவில்லை.

"ஜன்னலை விட்டுத் தள்ளி வாங்க!"

கத்துவது ஹில்டா. ஊர்த் தலைவி. சாசேஜ் கடைக்காரி. ஆங்கிலத்தில்தான் கத்துகிறார். எனக்குத் தமிழில் கேட்கிறது. பயம் வந்தால் எனக்கு எல்லாமே தமிழில்தான் கேட்கும்.

நான் ஊர் மன்றத்து மேசைக்கு அடியில் நுழையப் பார்க்கிறேன். வயிறு விடவில்லை. வயது நாற்பத்தாறு. சுகர் லேண்டில் எண்ணெய்க் குழாய்களுக்கு அழுத்தக் கணக்குப் போடும் உத்தியோகம். போர்க்களத்துக்கான உடம்பு அல்ல. தலை உள்ளே. மீதி வெளியே.

நண்பன் முருகேசன் நகரவில்லை. ஜன்னலிலேயே நிற்கிறான். கண்ணாடிக்கு அப்பால் சாலை. சாலைக்கு அப்பால் சரிவு. சரிவில் அவன் திராட்சைத் தோட்டம். ஆறு ஏக்கர். முப்பத்தெட்டு வரிசை. மூன்றாம் வருடக் கொடி. முதல் காய்ப்பு. பிஞ்சு மிளகு அளவு.

1996. மே மாதம். சனிக்கிழமை. இப்போது 2001. உண்மையான குண்டுகளுக்கு அடியில் படுத்தவர்கள் நம் மொழியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் ஆலங்கட்டி மழையைப் பற்றி வாய் திறக்க எனக்கு வெட்கம். ஆனாலும் அன்று அந்த அறையில் நடந்ததைப் பார்த்த தமிழர்கள் இரண்டே பேர். ஒருவன் பேச மாட்டான். மிச்சம் நான்.

ஊரைச் சொல்கிறேன். ரேபன்டால். டெக்சஸின் ஹில் கன்ட்ரி. சுகர் லேண்டிலிருந்து நாலரை மணி நேரம் டிரைவ். ஜெர்மானியர்கள் நூற்றைம்பது வருடத்துக்கு முன் வந்து உட்கார்ந்த ஊர். நானூறு பேர் இருந்தால் அதிகம். மூன்று பக்கம் சுண்ணாம்புக் குன்று. நாலாவது பக்கம் ஓடை. வெளியே போக ஒரே வழி. ஓடைக்குக் குறுக்கே தாழ்வாக ஒரு சிமென்ட் தளம். பாலம் என்று அதைச் சொன்னால் பாலங்கள் கோபித்துக்கொள்ளும். பக்கத்தில் அடிக்கணக்குப் போட்ட ஒரு கம்பம். தண்ணீர் இரண்டு அடிக் கோட்டைத் தொட்டால் ஊர் பூட்டு. அன்று 2:30க்கே தொட்டுவிட்டது. மழை எங்கோ மேற்கில். தண்ணீர் மட்டும் முன்னால் வந்துவிட்டது. ரேடியோ ஆலங்கட்டி என்றது. மேகம் பச்சையாக இருந்தது. பச்சை மேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கிண்ணத்துக்குள் நாங்கள். மேலே மூடி.

முருகேசன் கம்பத்துக்காரன். நம் தேனிக் கம்பம். அவன் அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. இங்கே சுகர் லேண்டுக்குப் பக்கத்து ஊரான கேட்டியில், கெமிக்கல் பிளான்டில் ஏழு வருடம். பிறகு ஒருநாள் வேலையை விட்டான். ரேபன்டாலில் ஆறு ஏக்கர் வாங்கினான். கொடியருகிலேயே இரண்டு அறை வீட்டில் தங்கினான். பந்தல் கிடையாது. இங்கே கம்பி கட்டி வரிசையாக ஏற்ற வேண்டும். "கொடியைத் துணி காயப்போடுற மாதிரி போட்டுருக்காய்ங்கடா" என்று முதல் வருடம் சிரித்தான். மூன்றாம் வருடம் அவனே யாரையும் விடக் கச்சிதமாகக் காயப்போட்டான்.

மனைவி செல்வி கேட்டியிலேயே இருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாரக் கடைசியில் வருவாள். அந்த வாரம் ஷிஃப்ட். அன்று காலை போனில் அவள் சொன்னது ஸ்பீக்கர் வழியாக எனக்கும் கேட்டது.

"இந்த வருஷம் காய்க்கட்டும். நான் வேலைய விட்டுட்டு அங்கயே வந்துர்றேன். காய்க்கலன்னா நீங்க வித்துட்டு இங்க வந்துரணும். இதுக்கு மேல என்னால ரெண்டு வீடு முடியாதுங்க."

அவன் சரி என்றான். காய்த்துத்தானே இருக்கிறது என்ற தெம்பு. நான் அந்தக் காயைப் பார்க்கத்தான் போயிருந்தேன். கையில் என் மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம்.

இனி பீரங்கி.

ரேபன்டாலில் ஒரு பீரங்கி உண்டு. மன்ற அறைக்குப் பின்னால், கொட்டகையில். வாய் வானத்தைப் பார்த்திருக்கும். பிரம்மாண்டமான புனல் மாதிரி இரும்பு. உள்ளே வாயுவை வெடிக்க வைத்தால் ஓர் அதிர்ச்சி அலை மேகத்துக்குப் போகும். கல் உருவாகாமல் கலையும். திராட்சைக்காரர்கள் நம்பிக்கை அது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் நம்பிக்கை வேறு. அது மழையையே விரட்டுகிறது. சத்தத்தில் சினை மாட்டுக்குக் கரு கலைகிறது. இரண்டு கட்சியும் சண்டை போட்டு ஒரு சட்டம் செய்தார்கள். மன்றம் கூட வேண்டும். பெரும்பான்மை கை தூக்க வேண்டும். பிறகுதான் பீரங்கிச் சாவி.

மன்றம் ஐந்து பேர். அவசரக் கூட்டம் என்றாலும் இரண்டு மணி நேரத்துக்கு முன் கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். 1:20க்கு ஒட்டினார்கள். 3:20க்குக் கூடினார்கள். அதற்குள் மேகம் குன்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மேகத்துக்கு நோட்டீஸ் தேவைப்படவில்லை.

நானும் முருகேசனும் சுவரோரப் பெஞ்சில். படிக்கக் கிடைத்தால் விடமாட்டேன். ஊர் வரலாற்றுத் துண்டுப் பிரசுரம் ஒன்று கிடைத்தது. படித்தேன். ரைன் நதிக்கரையிலிருந்து ஈரத் துணியில் சுற்றி வந்த கொடிக் குச்சிகள். முதல் கோடையில் எல்லாம் காய்ந்தன. காட்டுத் திராட்சையில் ஒயின் போட்டார்கள். பிறகு மதுவிலக்கு வந்தது. மன்றம் ஒருமனதாக ஏற்றது. கொடிகளைப் பிடுங்கினார்கள். மறுபடி நட்டார்கள். மேசையில் நாலு ஜெர்மன் முகம். சுவரில் ஜெர்மன் எழுத்தில் சாசனம். அதை வாசிக்கத் தெரிந்தவர் அறையில் யாரும் இல்லை.

முதலில் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. படித்துத்தான் ஆக வேண்டும். கல்லறைக் கேட்டுக்கு என்ன நிறம். கறுப்பா, கரும்பச்சையா. பதினோரு நிமிடம் படித்தார் ஹில்டா. நிதானமாக. முருகேசன் தொடை ஆடிக்கொண்டே இருந்தது. பெஞ்ச் ஆடியது. நானும் ஆடினேன்.

நாலு முகம் என்றேன். ஐந்தாவது நாற்காலி காலி. அதில் உட்கார்ந்திருந்தவர் முந்தைய இலையுதிர்காலத்தில் மகளோடு இருக்க டாலஸ் போய்விட்டார். ஹில்டா நேராக முருகேசனிடம் வந்து கேட்டிருக்கிறார். நீ உட்கார். திராட்சைக்கு ஒரு கை கூடும். ஒரே நிபந்தனை. குடியுரிமை வேண்டும். அவனுக்குத் தகுதி வந்து வருடமாகியிருந்தது. ஃபாரம் நிரப்பினான். பிறகு எனக்கு போன் செய்தான்.

நான் ஒரு மணி நேரம் பேசினேன். நம் பாஸ்போர்ட்டை விட்டால் ஊரில் ஒரு சென்ட் நஞ்சை வாங்க முடியாது என்றேன். நாளைக்கே திரும்பிப் போகத் தோன்றினால் என்ன செய்வாய் என்றேன். வாழ்நாளில் நான் ஒரு சென்ட் நஞ்சை வாங்கியதில்லை. அந்தச் சட்டத்தை நான் படித்ததும் இல்லை. திரும்பிப் போகத் தோன்றியதும் இல்லை. அவன் ஃபாரத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான். அது அங்கேயே இருந்தது.

3:38. ஓட்டெடுப்பு. சுடலாம் என்று ஹில்டாவின் கை. வால்ட்டர் கை. வால்ட்டர் திராட்சைக்காரர். அவர் தோட்டம் குன்றுக்கு அந்தப் பக்கம். சுடக்கூடாது என்று ஓட்டோ கை. மாட்டுப் பண்ணை. அவர் மச்சான் கை. இரண்டுக்கு இரண்டு. சமன் என்றால் தீர்மானம் தோற்றது. ஹில்டா எழுதினார். எழுதி முடித்துப் பீரங்கிச் சாவியை மேசையில் வைத்தார். மேசையின் எங்கள் பக்க ஓரத்தில். பிறகு குனிந்து தன் கையெழுத்தையே சரிபார்க்க ஆரம்பித்தார்.

வால்ட்டர் இருமினார். முருகேசனைப் பார்த்தார். மறுபடி இருமினார். ஓட்டோ தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முருகேசன் எழுந்து ஜன்னலுக்குப் போனான்.

3:42.

இப்போது கூரை பேசுகிறது. வேறெதுவும் கேட்கவில்லை. கோலிக்குண்டு அளவு. 3:44. எலுமிச்சை அளவு. ஜன்னலின் மேல் கண்ணாடி போகிறது. மண்ணில் விழுவது மந்தமான சத்தம். என் கார் மேல் விழுவது வேறு சத்தம். கொடியில் விழுவதற்குச் சத்தமே இல்லை. அதுதான் எனக்கு மறக்கவில்லை. இலைகள் மேலே பறக்கின்றன. கீழே விழுவதற்குப் பதில் மேலே.

3:45. முருகேசன் திரும்புகிறான். மேசையிடம் வருகிறான். குனிந்து கை நீட்டுகிறான். சாவியின் வளையத்தில் விரல் படுகிறது.

நான் மேசைக்கு அடியிலிருந்து கை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சேகர். விடுறா."

"வேணாம்டா. கேஸ் ஆயிடும். போலீஸ் வரும். க்ரீன் கார்டு போயிடும்."

"என் கொடிடா."

"கொடி அடுத்த வருஷம் வரும். கார்டு வராதுடா."

அவன் என்னைப் பார்த்தான். வளையம் மேசையில் விழுந்தது. அவன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. நான் பொத்திக்கொண்டேன்.

நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் நேர்மையைக் கண்டு வாயடைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

4:01. நின்றது. குழாயை மூடியது போல. வெயில் வந்தது. தரை முழுக்க வெள்ளை. பச்சை வாசனை. ஆயிரம் முருங்கைக் கீரைக் கட்டை ஒரே நேரத்தில் கசக்கியது போல.

ஹில்டாதான் முதலில் பேசினார். முருகேசனிடம் இல்லை. என்னிடம். ஏன் அவன் கையைப் பிடித்தாய் என்று கேட்டார். சட்டம் என்றேன். மன்றம் அனுமதிக்கவில்லையே என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார். மதுவிலக்குக் காலத்தில் இதே அறையில் ஒயினைத் தடைசெய்து ஒருமனதாகக் கை தூக்கினார்கள். தூக்கிவிட்டு நிலவறைச் சாவியை இதே மேசையில் வைத்தார்கள். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். யாருக்குத் தேவையோ அவர் எடுத்துப் போனார். அதிலிருந்து ரேபன்டாலில் அப்படித்தான். எழுதுவது எழுதப்படும். எவன் தோட்டத்தின் மேல் மேகமோ அவன் சாவியை எடுப்பான். மற்றவன் எடுத்தால் அது திருட்டு. போன வருடம் வால்ட்டர் எடுத்தார். அதற்கு முந்தைய வருடமும் அவரே. குறிப்புப் புத்தகத்தில் எல்லா வருடமும் தீர்மானம் தோற்றுத்தான் இருக்கிறது.

ஓட்டோ தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். மாடு வைத்திருப்பவன் வேறெப்படிக் கை தூக்குவான் என்றார். ஆனால் நான் கூரையைத்தானே பார்த்தேன் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மூன்று வருடம் அந்த ஊரில் இருந்தவனிடம் யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. பீரங்கிச் சத்தம் கேட்டபோதெல்லாம் தீர்மானம் ஜெயித்தது என்றே அவன் நினைத்திருந்தான். சொல்லக்கூடிய விஷயமாக அவர்களுக்குத் தோன்றியதில்லை. எனக்கு அது புரிகிறது. எங்கள் வீட்டில் எதை வாசற்படியில் வைத்து வாங்கக்கூடாது என்று நான் எந்த விருந்தாளிக்கும் சொன்னதில்லை.

முருகேசன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு வெளியே போனான். பனிக்கட்டி மேல் அவன் செருப்புச் சத்தம். நொறுக். நொறுக். நான் பின்னால் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

ஓடை வடிய மறுநாள் மதியம் ஆனது. அதுவரை இரண்டு அறை வீட்டில் நானும் அவனும். எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். உப்பு சரியா என்று கேட்டேன். சரி என்றான். செல்வி போன் செய்தாள். அவன் "இல்ல" என்றான். பிறகு "ஒண்ணும் இல்ல செல்வி" என்றான். அந்தப் பக்கம் அவள் அழுதாளா, பேசினாளா, தெரியாது. ஸ்பீக்கரை அவன் போடவில்லை.

இதையும் பதிவு செய்ய வேண்டும். நான் பொறியாளன். அந்தப் பீரங்கி வேலை செய்யாது. அதிர்ச்சி அலைக்கும் ஆலங்கட்டிக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நிரூபித்ததில்லை. இடிச் சத்தத்தைவிடவா அது பெரிது. சுட்டிருந்தாலும் அதே கல் அதே இடத்தில் விழுந்திருக்கும். இதை நான் முருகேசனிடம் ஒரு தடவை சொன்னேன். அவன் கேட்டிக்குத் திரும்பி ஆறு மாதம் கழித்து. ஆறுதலாகச் சொன்னேன். அவன் முழுதும் கேட்டான். "இருக்கலாம்டா" என்றான். "சுட்டுட்டு நின்னுருப்பேன்ல."

ஞாயிறு காலை வரிசை வரிசையாக நடந்து எண்ணினான். நானும் கூட நடந்தேன். கணக்கு இது.

வரிசை முப்பத்தெட்டு. குலையோடு மிஞ்சியவை, கொட்டகை மறைவில் நின்ற ஒன்பது கொடிகள். பட்டை உரிந்து தண்டு பிளந்தவை பாதிக்கு மேல். வீட்டு ஜன்னல் நான்கு. மன்றத்து ஜன்னல் ஒன்று. என் கார்க் கண்ணாடி, முன்னும் பின்னும். ஓட்டோவின் கன்று ஒன்று. அந்த ஜூலையில் நிலத்தை விற்றான். வாங்கியவர் வால்ட்டர். முருகேசன் கேட்டியில் வேறொரு பிளான்டில் சேர்ந்தான். 1999இல் குடியுரிமை எடுத்தான். செல்விதான் என் மனைவியிடம் சொன்னாள். பண்டிகைக்குச் சந்திக்கிறோம். ஃப்ரீவே டிராஃபிக்கைப் பற்றிப் பேசுகிறான். ஒரு முடிவெடுக்கும் முன் எனக்கு போன் செய்வது அவன் பதினைந்து வருட வழக்கம். அதன் பிறகு ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை கவுன்டி அதிகாரி சேத அறிக்கை எழுத வந்தார். ஆள் சேதம் உண்டா என்று கேட்டார்.

முருகேசன் இல்லை என்றான். அவர் இல்லை என்று எழுதிக்கொண்டார்.