தம்பி கையில் ஓடும் மோட்டார்

“தொட்டுப் பாருங்கண்ணே, என் தம்பி கைக்குள்ள மோட்டார் ஓடுது.”

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்தவர், டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் தம்பியின் இடது கையைப் பக்கத்துப் பயணியிடம் நீட்டினார். தொட்ட பயணி சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

“விர்ர்ருன்னு அதிருதே! உள்ள மிஷின் வச்சிருக்காகளா?”

“அதெல்லாம் இல்லண்ணே. ரெண்டு ரத்தக்குழாயை ஒண்ணாத் தச்சு விட்டாக. நூலு மாதிரி கெடந்த நரம்பு, ரத்தம் வேகமாப் பாயவும் கயிறாத் தடிச்சுப்போச்சு. இனி எம்புட்டு ஊசி குத்துனாலும் தாங்கும்.”

“அதுக்குக் கிட்னியே மாத்திரலாமே? கூடப்பொறந்தவுக குடுத்தா நல்லதும்பாகளே?”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பினார். “கொடைரோடு போயிருச்சா?”

பஸ் இன்னும் சின்னாளப்பட்டியையே தாண்டவில்லை.

தம்பிதான் பதில் சொன்னார். “அண்ணனுக்கு எல்லாம் பொருந்துச்சுங்க. ரிசல்ட் வந்த அன்னைக்குப் பிடிச்ச இடுப்புவலிதான் இன்னும் விடல.” சொல்லிக்கொண்டே இடது கையை உயர்த்தி அண்ணனின் இடுப்பைக் காட்டினார்.

அண்ணன் பதறிப்போனார். “ஏலே, அந்தக் கையை ஆட்டாத! நரம்புக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் யாருகிட்டப் போய்க் கேக்குறது?”