குளிரறைப் பரியாரியாரின் ஏழு கதைகள்

மருத்துவர் கூப்பிட்ட அன்றைக்கு மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையில் நாங்கள் இருவரும் வாஃபிள் சாப்பிட்டோம் என்றுதான் எனக்கு நினைவு. அது வேறொரு நாளாகவும் இருக்கலாம். என் நண்பன் இரத்தினவேலுக்கு அதன் மேல் வைத்துத் தரும் மண்ணிறச் சீஸ் பிடிக்காது. வழித்து என்னுடைய தட்டில் வைத்தான் என்பது நிச்சயம். எந்த நாளில் வைத்தான் என்று என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. அறுபதுக்குப் பிறகு நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே திகதிகள் பிழையாக இருந்தால் மருத்துவமனைப் பதிவில் உள்ளதையே சரியென்று எடுத்துக்கொள்ளுங்கள். யார் எதைச் சொன்னார்கள் என்பதில் மட்டும் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

தமிழிலேயே எழுதித் தரலாம், பொலிஸிடம் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்றீர்கள். நன்றி. அவர் ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் உங்களுக்குத் தருவார் என்று நம்புகிறேன்.

நானும் இரத்தினவேலும் எண்பத்தேழாம் ஆண்டு பாட்ஸ்பியோர்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நோர்வேயின் வடகோடி மீன்பிடி ஊர். தொழிற்சாலையில் மீன் வெட்டும் வேலை. தங்கின அறையில், எங்களுக்கு முன் இருந்த யாரோ விட்டுப்போன ஐம்பது அறுபது பேய்ச் சித்திரக்கதை இதழ்கள் இருந்தன. ஒவ்வொரு இதழிலும் நாலைந்து கதைகள். ஒவ்வொரு கதையின் முதற் படக் கட்டத்திலும் அழுகின முகத்தோடு ஒரு கிழவனோ கிழவியோ வந்து வாசகரை வரவேற்று, ஒரு பகிடி விட்டுவிட்டு ஒதுங்குவார்கள். கதை நடக்கும். மனைவிக்கு நஞ்சு வைத்தவனை அவள் குழியிலிருந்து எழும்பி வந்து இழுத்துக்கொண்டு போவாள். கடைசிக் கட்டத்தில் அந்தக் கிழவன் திரும்ப வந்து சிரிப்பான்.

நாங்கள் நோர்வேஜிய மொழி படித்தது அந்த இதழ்களில்தான். ஒரு நாள் காலை இரத்தினவேல் மேற்பார்வையாளரைப் பார்த்து, "வாருங்கள், என் அருமை அழுகற் செல்வங்களே" என்றான். மரியாதையான காலை வணக்கம் என்று நினைத்துத்தான் சொன்னான். அந்த மனிதர் சிரித்துச் சிரித்து மீன்பெட்டியின் மேலேயே இருந்துவிட்டார்.

கெட்டவனுக்குத் தண்டனை கிடைக்கிற இடம்தான் இரத்தினவேலுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது அந்தக் கதைசொல்லிகளை. அதில் எங்களுக்குள் எப்போதும் வாக்குவாதம்.

"மச்சான், உந்தக் கிழவனுக்கு முதல் கட்டத்திலையே முடிவு தெரியும்" என்பான். "தெரிஞ்சும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டு பல்லைக் காட்டுறான். உவன்தானடா பெரிய கள்ளன்."

"அவன் என்ன செய்யிறது? அவன்ரை வேலை கதை சொல்லுறது."

"நீயும் ஒரு நாளைக்கு உப்பிடித்தான் நிப்பாய்."

பிறகு இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். எங்களுக்கு அது கஷ்டமில்லை. ஒரு சொல்லும் இல்லாமல் மூன்று மணித்தியாலம் இருக்கக்கூடிய சிநேகம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஒஸ்லோவுக்கு வந்து ஹவுகன்ஸ்டுவாவில் ஒரே கட்டடத்தில் வீடு எடுத்தோம். அவன் பள்ளிக்கூடம் கூட்டினான், நான் தபால் பிரித்தேன். அவன் கலியாணம் கட்டி, கம்சிகா பிறந்து, மனைவி இறந்து, கம்சிகாவும் பெர்கனுக்குக் கலியாணம் கட்டிப் போன பிறகு எங்களிடம் நேரம் மிஞ்சியது. அப்போதுதான் நாங்கள் தமிழில் ஒரு பேய்ச் சித்திரக்கதைத் தொகுப்புச் செய்வதென்று முடிவெடுத்தோம். ஏழு கதைகள். எழுத்து நான், படம் அவன். கதைசொல்லியாகக் குளிரறைப் பரியாரியார் என்று ஒருவரை உண்டாக்கினோம். மீன் தொழிற்சாலையின் குளிரறையில் குடியிருக்கும் செத்துப்போன வைத்தியர். இறப்பர் ஏப்ரன், கையில் மீன் வெட்டும் கத்தி, மீசையில் பனிக்கட்டி. "வாங்கோ, வாங்கோ, என்ரை பிணக்குஞ்சுகள். செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளை வாங்கோ, கால் இருந்தால்." இதுதான் அவருடைய வரவேற்பு. அந்த வரியை வாசித்தபோது இரத்தினவேல் தேத்தண்ணியைப் புரைக்கேற்றிக்கொண்டான்.

அவன் எவ்வளவு நல்ல ஓவியன் என்பதை உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. முதலில் நீலப் பென்சிலால் கீறுவான். பிறகு தூரிகையை மையில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுவை. முப்பது வருடம் துடைப்பம் பிடித்த கை அது. பரியாரியாருடைய கட்டங்களைக் கடைசிக்கென்று விட்டு வைப்பான். நான் அவனுடைய சமையலறை மேசையில் எதிரே இருந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் எனக்கென்று நடந்த பெரிய காரியம் அதுதான்.

மூன்று கதைகள் முடிந்திருந்த நேரத்தில், 2022 ஐப்பசியில், அவனுக்கு வலது கை விரல்கள் விறைக்கத் தொடங்கின. தலையைப் படம் பிடித்தார்கள். கார்த்திகையில் மருத்துவர் கூப்பிட்டார். மருத்துவமனை றொஷானி என்ற தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தது. இரத்தினவேல் மறித்துவிட்டான்.

"றொஷானியின்ரை தாய் எங்கடை கோயிலுக்கு வாறவ. காலமை அவளுக்குத் தெரிஞ்சால் பின்னேரம் பெர்கனிலை கம்சிகாவுக்குத் தெரியும். நீ வா. உன்னை விட ஆர் எனக்கு?"

கம்சிகா அப்போது நாலு மாதம். பிள்ளைத்தாச்சியின் காதில் கெட்ட செய்தி விழக்கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம்.

மருத்துவர் ஓர் இளம் பெண். திரையைத் திருப்பிக் காட்டி ஆறுதலாக விளக்கினார். மூளையின் இடதுபக்கத்தில் ஒரு கட்டி. இப்போது வெட்டினால் முழுதாக எடுத்துவிடலாம், சில கிழமைகளுக்குள் செய்வது நல்லது. பிந்தினால் எடுக்க முடியாத இடத்துக்குப் பரவலாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலது கை கொஞ்சக் காலம் வேலை செய்யாது, பயிற்சி செய்தால் பெரும்பாலும் திரும்பி வரும். பெரும்பாலும் என்ற அந்தச் சொல்லை நான் கவனித்தேன். துடைப்பம் பிடிக்க அது காணும். தூரிகைக்குக் காணாது.

"என்னவாம்?" என்றான் இரத்தினவேல்.

"கட்டி ஒண்டு கிடக்காம். கெட்டதில்லையாம். மெல்லமாய்த்தான் வளருமாம். இப்ப வெட்டத் தேவையில்லை, பாத்துக்கொண்டு இருப்பம் எண்டுறா."

"அதுக்கோ உவ இவ்வளவு நேரம் கதைச்சவ?"

"இஞ்சை எல்லாத்தையும் விளக்கோணும் எண்டு சட்டமடா."

அவன் சிரித்தான். நான் மருத்துவரிடம், நண்பர் ஓவியர், கைதான் அவருக்கு எல்லாம், ஒரு புத்தகத்தை முடிக்கும்வரை பொறுக்க விரும்புகிறார், ஆபத்து அவருக்குத் தெரியும் என்றேன். மருத்துவர் எனக்குத் தலையாட்டவில்லை. அவனை நேரே பார்த்து, "இதன் அர்த்தம் உங்களுக்கு விளங்குகிறதா?" என்று கேட்டார். அவர் தன் கடமையைச் செய்தார் என்று நான் சாட்சி சொல்வேன்.

இரத்தினவேலுக்கு வைத்தியர்களின் சொற்களும் அலுவலகப் பேச்சும் பிடிபடாது. ஆனால் அவன் வாயில் வருவது நோர்வேயின் அச்சொட்டான வடக்குப் பேச்சு. மீன் தொழிற்சாலையில் எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்லிப் பழகினவன். "ஓம் ஓம், எல்லாம் நல்லாய் விளங்குது பிள்ளை" என்று அந்த ஊர் இழுவையோடு சொன்னான். மருத்துவரின் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய தகப்பனும் வடக்குத்தானாம். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் கொட் மீனைப் பற்றிக் கதைத்தார்கள். நோயாளி மொழியைச் சரளமாகப் பேசுகிறார், நிலைமையை விளங்கிக்கொண்டு காத்திருக்கத் தீர்மானித்துள்ளார் என்று பதிவில் இருக்கிறதல்லவா? அதை நான் எழுதவில்லை.

மருத்துவமனைக் கடிதங்கள் இப்போது கைத்தொலைபேசிக்கு வருகின்றன. அவன் எனக்கு வாசிக்கத் தருவான். மாசியில் வரச்சொன்ன பரிசோதனையை வைகாசிக்குத் தள்ளினேன். வைகாசியில் ஐந்தாவது கதைக்கு மை போட்டுக்கொண்டிருந்தான், ஆவணிக்குத் தள்ளினேன். தொந்தரவு ஒன்றுமில்லை, நலம் என்று அவனுடைய பெயரில் பதில் எழுதினேன். இதையெல்லாம் ஒரே நாளில் தீர்மானித்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு கதை என்றுதான் யோசித்தேன்.

சித்திரையில் ஹன்னா பிறந்தாள். கம்சிகா தகப்பனை வரச்சொல்லிக் கெஞ்சினாள். "பேத்தி எங்கையும் ஓடிப்போக மாட்டாள், முதல் உந்தப் புத்தகத்தை முடிப்பம்" என்றேன். அவன் பேத்தியைத் தொலைபேசியில் பார்த்தான். தூக்கவில்லை.

ஆறாவது கதை, கடலில் விறைத்துச் செத்த தொழிலாளர்களைப் பற்றியது. அப்போது அவனுடைய கோடுகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. வெள்ளை மை பூசித் திருத்தப் போனான். நான் தடுத்தேன்.

"விடு மச்சான். குளிர் தெரியுது."

அவன் தன் கையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஏதோ சரியில்லைப் போலை கிடக்கடா."

"வயசு போகுதல்லோ. எனக்கும் கை நடுங்குதுதான்."

எனக்கு நடுங்கவில்லை. அவன் தூரிகையை மறுபடி எடுத்தான். உண்மையைச் சொன்னால், அந்தப் பக்கங்கள்தான் தொகுப்பிலேயே சிறந்தவை. வேண்டுமென்று யாராலும் அப்படி நடுக்கத்தைக் கீற முடியாது. ஆவணிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய காரணம் என்று சொல்ல மாட்டேன்.

ஏழாவது கதையின் கடைசிக் கட்டத்தை மார்கழி முதற் கிழமையில் முடித்தான். நாலு நாள் கழித்துக் குளியலறையில் விழுந்தான். நான்தான் அம்புலன்ஸுக்கு அழைத்தேன். கணமும் தாமதிக்கவில்லை.

இம்முறை வேறு மருத்துவர், றொஷானியும் வந்திருந்தாள். அவள் நல்ல மொழிபெயர்ப்பாளர். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் சொன்னாள்: "போன வருசம் உடனை வெட்டுவம் எண்டு சொல்லேக்கை நீங்கள் பொறுக்கிறன் எண்டு சொன்னதாய் இதிலை கிடக்காம், ஐயா. இப்ப வெட்ட ஏலாதாம்."

இரத்தினவேல் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"என்னவாம்?" என்றான்.

அவள் சொன்னது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. இருந்தும் என்னிடம் கேட்டான். மூன்று நாளில் அவனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கம்சிகா பிள்ளையோடு ஓடிவந்தபோது அவனால் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏன் கம்சிகாவிடம் நானாகவே சொன்னேன்? தகப்பன் இறந்து ஒரு வருடத்தின் பின் அவள் மருத்துவமனைப் பதிவைக் கேட்டு வாங்கி வாசித்தாள். என் வீட்டுக்கு வந்து, ஹன்னாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, அப்பாக்கு என்னை விட, இவளை விட, உந்தப் பேய்ப் புத்தகம்தான் பெரிசாப் போச்சு, என்ன? பேத்தியைத் தூக்கவேணும் எண்டுகூட அந்தாளுக்கு வரேல்லை."

ஓம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் ஒரு வருடமாக அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். முகம் வற்றிப்போயிருந்தது. எனக்கும் களைப்பாக இருந்தது.

"இல்லைப் பிள்ளை. கொப்பர் ஒண்டையும் தெரிவு செய்யேல்லை. அவருக்கு ஒண்டும் தெரியாது. டொக்டர் சொன்னதை நான் அவருக்குச் சொல்லேல்லை."

அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் பிள்ளைக்கு மேலங்கி போட்டாள். அதற்கு அரை மணித்தியாலம் எடுத்தது போல எனக்குப் பட்டது. அடுத்த கிழமை உங்கள் கடிதம் வந்தது.

இரத்தினவேல் 2024 தை பதினொன்றாம் திகதி இறந்தான். முதலில் பார்த்த மருத்துவர் ஒஸ்லோவை விட்டு வடக்கே போய்விட்டார் என்று கேள்வி. றொஷானி இன்று வரைக்கும் வெளியில் ஒருவருக்கும் ஒரு சொல் சொல்லவில்லை. கம்சிகா பெர்கனில் இருக்கிறாள், என்னுடைய அழைப்புகளை எடுப்பதில்லை. ஹன்னாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. புத்தகம் முந்நூறு பிரதிகள் அச்சாகி, இருநூற்றுப் பத்துப் போய்விட்டன. நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன், கூப்பிட்டால் வருவேன். செய்தது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இரத்தினவேலிடம் கேட்டிருந்தால், அவனும் இதைத்தான் தெரிவு செய்திருப்பான். அந்தப் பதின்மூன்று மாதமும் இருந்த வேலைக்குள் கேட்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.