ஆளுக்கொரு விமானம்

...எண்ணிப் பாருங்க சார், நீங்களே எண்ணிப் பாருங்க! ஃப்ளைட்டோட இந்த முன்பக்கத்துல, பிசினஸ் கிளாஸ்ல, பன்னெண்டு சீட்டு. கோட்டு போட்டவங்க மூணு பேரு. புதுசா கல்யாணமான ஜோடி. அந்த அம்மாவும் பொண்ணும். ஏறினதுலேர்ந்து படம் பாக்குற தம்பி. குறட்டை விடுறவர். அவர் குறட்டையில தூங்க முடியாம முழிக்கிறவர். நீங்க. நான். பன்னெண்டு! இதுல என் குடும்பத்து ஆளு எத்தன பேரு? நான் ஒருத்தன். பேரு மட்டும் குடும்ப டூரு!

சீட்டைப் படுக்கையாக்கவான்னு அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு ரெண்டு தடவை கேட்டுடுச்சு. வேணாம்மான்னேன். படுத்துட்டா எப்படிப் பேசறது?

நான் பொதுவா வாயே திறக்கமாட்டேன் சார். பெயிண்ட் கடையில ஸ்டாக் எடுக்கிறவன். டப்பாவை எண்ணுவேன், வீட்டுக்குப் போவேன், அவ்ளோதான். ஆனா இது... ஒன்பது வருஷமா சேத்த மைலு சார்! கிரெடிட் கார்டைத் தேய்ச்சாதானே மைலு ஏறும், மைலு சேந்தாதானே ஃப்ளைட்டுல ஓசி சீட்டு? தீப்பெட்டி வாங்கினாலும் தேய்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் வாங்கப் போனா அவருக்கு முன்னாடி நான் ஓடுவேன், ‘பணத்தை என் கையில குடுங்க, நான் தேய்ச்சுக்கிறேன்’னு. மச்சான் பல்லு கட்டினதுகூட என் கார்டுலதான். அவர் சிரிச்சா எனக்குப் பல்லு தெரியாது சார், மைலுதான் தெரியும்!

அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். வீட்டுக்காரி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ‘அவ போறதுக்குள்ள நாலு பேரும் ஒரு தடவை சேந்து எங்கயாவது போயிட்டு வரணுங்க. நாலு பேரும் நிக்கிற மாதிரி ஒரு ஃபோட்டோ.’ அவ்ளோதான் கேட்டா.

டிக்கெட் போட்டுப் பாத்தா, முன்பக்கத்துல ஒரு ஃப்ளைட்டுக்கு ஒரே ஒரு சீட்டுதான் மைலுக்குக் குடுப்பாங்களாம்! அநியாயமா இல்ல? நான் விடுவேனா? பையனைச் செவ்வாய்க்கிழமை ஏத்தினேன். பொண்ணை வியாழக்கிழமை. வீட்டுக்காரியைச் சனிக்கிழமை. நான் இன்னிக்கு, திங்கள். திரும்புறதுக்கும் அதே கதை... ஒருத்தர் போய் இறங்குற அன்னிக்கு, முன்னாடி போனவர் ஊருக்குத் திரும்ப ஏறிடணும். நாலு கட்டில் போட்ட ரூமு சார். முறை வெச்சுத் தூங்கிட்டு வர்றாங்க!

ஃபோட்டோவா? அதுக்கு வழி பண்ணாம இருப்பேனா! அங்க ஒரு நீரூற்று இருக்கு. பையன் இடது ஓரத்துல நின்னு எடுத்துக்கிட்டான். பொண்ணு அவனுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்னா. இவ, பொண்ணு தோள்ல கை போட்ட மாதிரி, காத்துல கையத் தூக்கிட்டு நின்னாளாம். நான் போய் வலது ஓரத்துல நிக்கணும். அப்புறம் பையன் கம்ப்யூட்டர்ல ஒட்டிடுவான்.

என்ன... பின்னாடி சீட்டு கிடைக்கலையான்னா கேக்கறீங்க? கிடைச்சுது சார். நாலும் கிடைச்சுது. ஒரே நாளு, ஒரே வரிசை. மைலும் பாதிகூட ஆகாது. ‘அதையே போடுங்க’ன்னுதான் அவளும் சொன்னா. ‘ஒன்பது வருஷம் தேய்ச்சது முட்டி இடிச்சுக்கிட்டு உக்காரவா?’ன்னு நான்தான்... நான்தான் சார். அவ அப்புறம் பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பிச்சுட்டா.

இப்ப திரும்பி வந்துட்டிருப்பா. இந்நேரம் நமக்கு எதிர்ல எங்கயோதான். தாண்டும்போது கைகாட்டலாம்னா... சன்னல் உங்க பக்கமால்ல இருக்கு.

என்ன சார், எழுந்துட்டீங்க? பாத்ரூம் அந்தப் பக்கம்... ஓ, பின்னாடியா? வீட்டுக்காரங்களும் பிள்ளைங்களும் பின்னாடியா இருக்காங்க? அவங்க பக்கத்துல சீட்டு ஒண்ணு காலியா இருக்கா? காலை நீட்ட முடியாதே சார் அங்க! தலையணையை வேற எடுத்துட்டுப் போறீங்க... வருவீங்கல்ல?

...

ஏம்மா. அவர் திரும்ப வரமாட்டாராமா? அப்ப இந்த சீட்டு...? இல்லம்மா, எனக்கு ஒண்ணும் வேணாம். சும்மா எண்ணினேன். பன்னெண்டு சீட்டு, பதினொரு ஆளு.

மிச்சம் ஒண்ணு.