அதே இருபத்தெட்டு

நாற்காலிக்கும் இடுப்பு உண்டு. பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் உறை அந்த இடத்தில்தான் தொங்குகிறது. தைத்தவர் முதுகை அளந்திருக்கிறார், இருக்கையை அளந்திருக்கிறார், இரண்டும் சேருமிடத்தை விட்டுவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டே பேசுவது எனக்குக் கொஞ்சம் சிரமம். பரவாயில்லை, சொல்கிறேன்.

ஏழு வருடம் பெண்களுக்கான உடைகள் வடிவமைத்தேன். என் உடைகளுக்கு ஒரே அடையாளம்தான். இடுப்பில் கச்சிதமாக உட்காரும், ஆனால் பிடித்துத் தைத்த இடம் தெரியாது. ஒரு மரச்சாமான் நிறுவனம் அதைப் பார்த்துவிட்டு, இதே பாணியில் வீட்டுக்குள் இருப்பவற்றையும் செய்து தர முடியுமா என்று கேட்டது. இருபது நாற்காலிகளுக்கு உறை, பன்னிரண்டு திரைச்சீலைகள், நான்கு கட்டில் விரிப்புகள். ஆறு மாதத்தில் கண்காட்சி.

வரைவது நான், தைப்பது என் மனைவி. கல்லூரியில் என் வகுப்புத் தோழி. கெட்டித் துணியை மடித்து, மடிப்பு மேலெழும்பாமல் தைக்க அவளால் மட்டும்தான் முடியும். இரண்டு தையல்காரர்களை வைத்துப் பார்த்தேன். நாற்காலிகள் மழையில் நனைந்தவர்கள் மாதிரி இருந்தன.

மேசையில் நீங்கள் விரித்து வைத்திருக்கும் சாம்பல் நிற கவுன் அவளுடையது. வேலைக்குப் போட்டுக்கொள்வது. அதற்கு வருகிறேன்.

திங்கட்கிழமை காலைகளில் அவளை அளப்பேன். என் மாதிரி உடைகள் எல்லாம் அவள் அளவுக்கு வெட்டியவை, அதனால் தொடங்கிய பழக்கம். திருமணமான புதிதில் அவள் அதோடு ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"நான் இளைக்க ஆரம்பிச்சா உடனே சொல்லிடணும் நீங்க. எங்கம்மாவுக்கு அப்படித்தான் தொடங்குச்சு. யாரும் பார்க்கல. பார்த்தப்போ ஒண்ணும் மிச்சமில்ல."

"சொல்றேன்" என்றேன். "குண்டானாலும் சொல்லுவேன்."

"அத மட்டும் சொல்லிப் பாருங்க டிசைனரே, சாப்பாடு கிடையாது."

இடுப்பு இருபத்தெட்டு அங்குலம். நான்கு வருடம் அதே இருபத்தெட்டு. நாடாவை அவள் முதுகுப் பக்கம் சேர்த்துப் படிப்பேன். எண் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்வதை அவள் நம்புவாள்.

நாற்காலி வேலை தொடங்கிய மூன்றாவது வாரம் இருபத்தேழரை. அரை அங்குலம் ஒன்றுமில்லை, அலைச்சல் என்று நினைத்தேன். "அதே இருபத்தெட்டு" என்றேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் கவுனை எடுத்து, பக்கத்துக்கு ஒன்றும் முதுகில் இரண்டுமாக நான்கு தையல்களையும் பிரித்து, கொஞ்சம் உள்ளே பிடித்துத் தைத்தேன். அப்படிப் பிடித்தால் போட்டிருப்பவருக்கே தெரியாது. அவள் மாற்றி மாற்றிப் போட்டது நான்கு உடைகள்தான். மற்ற மூன்றையும் அந்த வாரத்துக்குள் முடித்தேன்.

ஐந்தாவது வாரம் இருபத்தேழு. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போது தெரியும் என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். ஐந்தாவது வாரம். எழுதிக்கொள்ளுங்கள்.

அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூன்று நாற்காலிகள்தான் முடிந்திருந்தன. பயத்தோடு உட்கார்ந்தால் கை நடுங்கும், மடிப்பு கோணும். இருபதையும் முடித்த சந்தோஷத்தோடு போய் மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. அவளுக்கும் அந்த நாற்காலிகள் பிடித்திருந்தன.

பிறகு சில சின்ன வேலைகள் இருந்தன. குளியலறையில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தீர்ந்துபோயிற்று, வாங்க வேண்டும் என்றேன். ஆளுயரக் கண்ணாடியைக் கண்காட்சிக் கூடத்துக்கு அனுப்பினேன். மோதிரம் வெல்வெட்டில் மாட்டி இழை இழுக்கும் என்று சொன்னதும் அவளே கழற்றித் தந்தாள். அது விரலில் கழன்றுகொண்டிருந்ததை வேலை மும்முரத்தில் அவள் கவனிக்கவில்லை.

அவளுடைய அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி இது, பாதியா ஆயிட்டே?"

"போக்கா. இந்த கவுனப் பாரு, பிடிச்ச பிடியா இருக்கு. இளைச்சிருந்தா தொளதொளன்னு ஆகியிருக்காதா? வாரா வாரம் அளக்கறாரு. அதே இருபத்தெட்டு."

"அப்போ என் கண்ணுதான் அவிஞ்சு போச்சா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, எதுக்கும் அந்த நாடாவ டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுக்குத்தான் உடம்பு சரியில்ல போலிருக்கு."

மூவரும் சிரித்தோம்.

நான்காவது மாதம் அவளுக்கு முதுகு வலி. பசி இல்லை. "ஒரு நடை டாக்டரப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டேதான் கேட்டாள்.

"குனிஞ்சு குனிஞ்சு தைக்கிறே, வலிக்காம என்ன செய்யும்? இன்னும் ஏழு நாற்காலிதான்."

"இளைக்கலையே நான்?"

"அதே இருபத்தெட்டு."

அன்று இருபத்தைந்து. அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதைக் கொடுத்தவன் நான் என்பதையும் உங்கள் தாளில் எழுத வேண்டும்.

இருபதாவது நாற்காலியை முடித்தபோது இருபத்துமூன்றரை.

கண்காட்சிக்குக் கூட்டம் வந்தது. துணிக்கு உடம்பு இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். அவள் கூடத்தின் ஓரத்தில், முதலில் தைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

மருத்துவர் சின்ன வயதுக்காரர். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் அறுவைச் சிகிச்சை செய்திருக்கலாம் என்றார். "வீட்ல யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார். அக்கா அழுதார். அவர்தான் முதலில் கவனித்துச் சொன்னவர்.

அவள் போய் ஏழு வாரம் ஆகிறது. போன வாரம் அக்கா அவள் நினைவாக ஒன்று வேண்டும் என்று கேட்டு இந்த கவுனை எடுத்துப்போனார். தன் உடம்புக்குப் பெரிதாக்கத் தையலைப் பிரித்திருக்கிறார். கெட்டித் துணியில் பழைய ஊசித் துளைகள் மறைவதில்லை. பக்கத்தில், முதலில் தைத்த வரிசைக்கு உள்ளே இன்னும் ஒன்பது வரிசைகள், ஒன்றுக்குள் ஒன்றாக. என்னிடம் கொண்டுவந்து காட்டி, "மாப்பிள்ளை, இது என்ன?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன். இங்கே உங்களிடம் புகார் கொடுக்க வந்துவிட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். பிடித்த துணியை நான் வெட்டவில்லை. அத்தனையும் உள்ளே மடிப்பில் இருக்கிறது. உடம்பு தேறி வந்தால் பிரித்துவிடலாம் என்று வைத்தேன். அவள் சாக வேண்டும் என்று நினைத்தவன் வெட்டி எறிந்திருப்பான்.

அவளுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மருத்துவமனையில் அவர்களுடைய உடையை அவளுக்கு மாட்டிவிட்டார்கள். பல மாதங்களுக்குப் பிறகு நான் தொடாத ஓர் உடை. தோளிலிருந்து நழுவியது. அவள் இடுப்புப் பக்கத்தில் மிச்சமிருந்த துணியை இரண்டு விரலால் பிடித்தாள், ஊசி குத்துவதற்கு முன் நாங்கள் பிடிப்பதுபோல. ஒரு கை நிறையத் துணி. அதைப் பார்த்தாள். கட்டிலடியில் மடித்து வைத்திருந்த கவுனைப் பார்த்தாள். பிறகு என்னை.

"எத்தனை தடவ பிடிச்சீங்க?"

"ஒன்பது."

கவுனை எடுத்துத் தரச் சொன்னாள். பக்கத் தையல்மேல் விரலை மேலும் கீழுமாக ஓட்டினாள். வெகுநேரம் ஓட்டினாள். பிறகு என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தாள்.

"தையல் தெரியவே இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. என் வேலையைப் பற்றி இதுவரை எத்தனையோ பேர் நல்லதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் சொன்னதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.