ஆயுள் சான்றுக்காகக் காட்டிய முகம்

என் பெயர் பஞ்சாபகேசன். வயது எழுபத்து நான்கு. தகப்பனார் பெயர் மகாதேவ அய்யர். திருவனந்தபுரம் கரமனையில் கிராமத் தெருவில், மகன் கிருஷ்ணகுமார், மருமகள் ஸ்ரீலட்சுமி, பேத்தி திவ்யலட்சுமி ஆகியோருடன் வசிக்கிறேன். தணிக்கைத் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன். மலையாளம் வாசிப்பேன்; எழுதினால் பிழை வரும் என்பதால், காவல் நிலைய எஸ்.ஐ. ஜெஸ்லின் மேடத்தின் அனுமதியுடன் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் என் கைப்பட எழுதுகிறேன்.

கடந்த நவம்பரில் ஓய்வூதியத்துக்கான மஸ்டரிங்கை, அதாவது நான் உயிரோடிருக்கிறேன் என்று கைபேசியில் முகம் காட்டும் வேலையை, எப்போதும்போல மகன் வீட்டில் வைத்தே செய்துதந்தான். நான் குளித்து, விபூதி இட்டு, ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒரு முறை எடுத்த பிறகு, அது ஏறவில்லை என்று கூறி இன்னொரு முறை எடுத்தான். இரண்டு முறையும் அவன் சொன்னபடி தலையைத் திருப்பினேன், கண்ணைச் சிமிட்டினேன். அதன் பிறகு ஓய்வூதியம் தடையின்றி வந்ததால் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அதன் பிறகு பிப்ரவரியில் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் என் படம் வந்தது. அதனுடன் என் பெயரும் பிறந்த தேதியும் ஓர் ஆபாசத் தளத்தின் முத்திரையும் இருந்தன. அந்தத் தளத்திலிருந்து திருடுபோன பதிவுகளில் கிடைத்தது என்று தெருச் சங்கச் செயலாளர் பகவதி எழுதியிருந்தார். அது நம் நாட்டில் தடுத்துவைத்த தளம் என்றும், வேறொரு நாட்டு வழியாகச் சுற்றிப் போனால் அந்நாட்டுச் சட்டப்படி வயதை நிரூபிக்க முகம் காட்டச் சொல்லும் என்றும் எஸ்.ஐ. மேடம் இன்றுதான் எனக்கு விளக்கினார். குழுவில் ஒருவர், "மாமாக்குப் பதினெட்டு தெகஞ்சாச்சு, பாயசம் எப்போ?" என்று கேட்டிருந்தார். பலர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். என்னிடம் வருமான வரிக் கணக்கு எழுதி வாங்கிப் போகிறவர்களும் அவர்களில் உண்டு.

அப்படி ஒரு தளத்தைத் திறந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் கைபேசியில் தெரியாமல் எதையாவது அழுத்திவிடுவது உண்டு. ஆகையால் நானே செய்திருப்பேனோ என்று சந்தேகப்பட்டு மகனிடம் கேட்டேன். "வயசானா அப்படித்தாம்ப்பா. மாப்பு சொல்லிடுங்கோ, தீந்துடும்" என்றான். மன்னிப்பை அவனே தட்டச்சு செய்து கொடுத்தான். நான் அனுப்பினேன்.

அதன் பிறகு, பேத்தி கூடத்துக்கு வரும் நேரங்களில் என்னை அறைக்குள்ளேயே இருக்கும்படி ஸ்ரீலட்சுமி சொன்னாள். நானும் பேத்தியும் கேரம் ஆடுவது நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் பேத்தியின் அறைக்கதவில் உள்தாழ்ப்பாள் பொருத்தினான். ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தரச் சொன்னான். எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு, நான் அந்தத் தளத்தைப் பார்த்ததாகப் பகவதி கொடுத்த புகாரின்பேரில் இன்று மகனுடன் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆட்டோவில் அவன், "நான்தான் பாத்தேன்னு எழுதிக் குடுத்துடுங்கோ. ஒங்களுக்கு ஜோலியா போகப்போறது?" என்றான். எழுதிக் கொடுத்தால் பேத்தியுடன் பழையபடி பேசலாமா என்று கேட்டேன். "அது பின்னே பாக்கலாம்" என்றான். அவ்வாறே எழுதும் எண்ணத்துடன்தான் உள்ளே வந்தேன்.

எழுதத் தொடங்குமுன் எஸ்.ஐ. மேடம், வயதை நிரூபிக்க அந்தத் தளத்தில் முகம் காட்டிய வீடியோப் பதிவை முழுவதுமாக ஓடவிட்டார். குழுவில் வந்தது படம் மட்டும். இதில் ஒலியும் இருந்தது. அதில் நான் விபூதியோடு, ஜன்னல் வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். "ஒண்ணுகூடி, இன்னொருதரம் சிமிட்டுங்கோப்பா... ஆங், சமர்த்து" என்று ஒரு குரல் சொல்கிறது. குரல் யாருடையது என்று மேடம் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னேன், அடையாளம் தெரியாததால் அல்ல.

அதன் பிறகு மேடம் மகனை உள்ளே அழைத்து அவனுக்கும் போட்டுக் காட்டினார். அவன் என் தோளைப் பிடித்து, "அப்பா, திவ்யாவ நெனச்சுப் பாருங்கோ" என்றான்.

அவளை நினைத்துத்தான் எழுதுகிறேன். பதிவில் கேட்கும் குரல் என் மகன் கிருஷ்ணகுமாருடையது. இந்த வரியை நான் எழுதுவதைப் பார்த்ததும், அவன் வீட்டுக்குப் போன் செய்து, என் துணிமணிகளை எடுத்து வாசலில் வைக்கும்படி ஸ்ரீலட்சுமியிடம் சொன்னான். மேடமும் அதைக் கேட்டார்.

என் நினைவை நான் நம்பாத இடத்தை அவ்விதமே குறித்திருக்கிறேன். மற்றவை யாவும் நான் கண்டதும் கேட்டதும். திரும்ப வாசித்து, திருத்தம் ஏதுமின்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ம. பஞ்சாபகேசன்