ஆறாம் பக்கத்துக் கேள்வி

– மாமான்னு கூப்பிடாதேன்னு சொல்லி முழுசா ஒரு நிமிஷம் ஆகல.

– சரி மாமா.

– பார்த்தியா! மறுபடியும்!

– வாயில வந்துடுதே, நான் என்ன பண்ண? பேச்சு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் கூப்பிடறேன். இந்த பெஞ்சுல உட்கார வச்சு பத்து நிமிஷத்துல மாத்துன்னா எப்படி? முதல்ல உள்ளே என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க. இந்தக் குளிர்ல உங்களுக்கு வேர்க்குது.

– மெதுவாப் பேசு. எல்லாம் நல்லாத்தான் போச்சு. எந்த லிஃப்ட் கம்பெனி, எத்தனை மணி நேர வேலை, வீட்டுல எத்தனை ரூம், பொண்ணு எந்த கிளாஸ்... கேட்கக் கேட்க படபடன்னு சொன்னேன். இந்த ஊர்ல தங்கறதுக்கான கார்டு கையில வந்த மாதிரிதான் இருந்துச்சு. கடைசியா அந்த ஆபீசர் சிரிச்சுக்கிட்டே, உங்க மனைவி உங்களை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு கேட்டார்.

– மாமான்னு சொல்லிட்டீங்களா?

– சொல்லித் தொலைச்சேன். பக்கத்துல மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மா இருந்தாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு அவங்ககிட்ட கேட்டார். அம்மாவோட கூடப்பிறந்தவர்னு சொல்லிட்டாங்க. எனக்கு இந்த ஊர் பாஷை அரைகுறைதான், ஆனா அது மட்டும் நல்லாப் புரிஞ்சுது. கேபிள் அறுந்த லிஃப்ட் மாதிரி அவர் சிரிப்பு அப்படியே கீழே போயிடுச்சு. ஃபைலைப் புரட்டினார். ஆறாம் பக்கத்துல சிவப்பு மையில ஒரு வட்டம் போட்டார். வெளியில இரு, கால் மணி நேரம் கழிச்சு உன் மனைவியை அனுப்புன்னார்.

– தாய்மாமனைக் கட்டிக்கிட்டா இவருக்கு என்ன வந்துச்சு?

– இந்த ஊர்ல அது ஆகாது போல.

– ரிஜிஸ்டர் பண்ணி சீல் குத்திக் குடுத்திருக்காங்களே!

– சீலைக் காட்டினா அவர் மூஞ்சி மாறிடுமா? கேட்டுக்கோ. உள்ளே போனதும், மாமாங்கிறது செல்லப் பேர், கட்டிக்கிட்டவனை எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு சொல்லணும். நமக்குள்ள சொந்தம் கிந்தம் எதுவும் கிடையாது. எங்கே, சொல்லு பார்ப்போம்.

– அப்ப எங்க அம்மா உங்களுக்கு யாரு?

– மாமியார்.

– அக்கா இல்லையா?

– இன்னிக்கு ஒரு நாள் இல்ல.

– அவங்க காதுல விழட்டும், தெரியும் சேதி. அக்காவா ஒரு அறை, மாமியாரா ஒரு அறை, ரெண்டு கன்னத்துக்கும் கிடைக்கும்.

– விளையாடாத புள்ள. இன்னிக்கு கார்டு இல்லாம இந்த வாசலைத் தாண்டினா முப்பது நாள்ல மூட்டை கட்டணும். மூணு பேரும். எனக்கு அங்கே வேலை கிடையாது, வீடு கிடையாது. எல்லாத்தையும் வித்துட்டு வந்தாச்சு.

– அதை விடுங்க. பொண்ணு அஞ்சு மாசம் கிளாஸ்ல ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தா. போன வாரம்தான் கையைத் தூக்கிப் பதில் சொல்லியிருக்கா. இப்ப தூக்கத்துல கூட இந்த ஊர் பாஷையில யார்கூடவோ சண்டை போடறா. அவளை மறுபடியும் பிடுங்கி எங்கே நடறது?

– அதுக்குத்தான் சொல்றேன், சொந்தம் இல்லைன்னு சொல்லு.

– மாமா... ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது.

– இந்த ஆரம்பமே சரியில்லையே.

– சேர்ந்து எடுத்த போட்டோ பத்து ஃபைல்ல வைக்கணும், எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க? தேடினேன். ஒம்பதுதான் கிடைச்சுது.

– பத்தாவதா எதை வச்ச?

– ஆஸ்பத்திரியில எடுத்தது. நீங்க ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருப்பீங்க. நான் உங்க மடியில, பிறந்து மூணாம் நாள். உங்க டிராயர் நனைஞ்சிருக்கும்.

– ஐயோ... ஐயோ!

– முப்பது வருஷமா சேர்ந்து இருக்கோம்னு தெரிஞ்சா சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன்.

– பின்னாடி உங்க அம்மா ஏதாவது எழுதியிருக்காங்களா? எல்லாத்துக்கும் பின்னாடி எழுதுவாங்களே!

– 'தாய்மாமன் மடியில்'னு மட்டும்தான்.

– மட்டும்தான்! சரி, பதறாத. அந்தப் பையன் நான் இல்ல. யாரோ பக்கத்து வீட்டுப் பையன்.

– இந்த மூக்கை வச்சுக்கிட்டா?

– ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா?

– மேடம்! நீங்க... நீங்க எப்ப வந்தீங்க?

– தண்ணி எடுக்க வந்தேன். உங்க அக்கா மாமியாரா மட்டும் ஆனப்பவே வந்துட்டேன். இந்த வராந்தாவுல யாருக்கும் தமிழ் தெரியாதுன்னு நினைச்சீங்க போல.

– புள்ள, நான் சொன்னேனே, உள்ளே மொழிபெயர்த்தவங்க. இவங்கதான்.

– மேடம், நீங்க கேட்டதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. உங்க தங்கச்சி மாதிரி நினைச்சுக்கோங்க.

– வராந்தாவுல பேசினது எனக்கு வேண்டாம்மா. ஆனா அந்தக் கதவுக்குள்ள நான் தங்கச்சியும் இல்ல, அக்காவும் இல்ல. வெறும் குழாய். இந்தப் பக்கம் ஊத்தினது அந்தப் பக்கம் விழும். நீங்க பொய் ஊத்தினா பொய்தான் விழும். அந்தப் போட்டோவும் ஆபீசர் கைக்குப் போயாச்சு. பின்னாடி இருந்ததை இப்பத்தான் படிச்சுச் சொல்லிட்டு வர்றேன்.

– முடிஞ்சுது. மாமனைக் கட்டினதுக்கு மூட்டை கட்டச் சொல்லிடுவார்.

– யார் சொன்னா? உங்க ஊர்ச் சட்டப்படி நடந்த கல்யாணம் இங்கே செல்லும். அதுக்கு யாரும் உங்களை அனுப்ப மாட்டாங்க.

– செல்லுமா? அப்புறம் எதுக்கு அந்தச் சிவப்பு வட்டம்?

– மறைச்சதுக்கு. சொந்தத்துல கட்டினவங்க தாராளமா எழுதலாம். ஆனா ஃபாரத்துல பொய்த் தகவல் குடுத்தா குடும்பத்தோட வெளியே. அதுக்கு மறுபேச்சு கிடையாது.

– நான் எங்கே மேடம் பொய் எழுதினேன்?

– ஆறாம் பக்கம், இருபத்து மூணாவது கேள்வி. திருமணத்திற்கு முன்பு உங்கள் இருவருக்கும் இடையே உறவு இருந்ததா? நல்ல தமிழ்லதானே கேட்டிருக்கு? நீங்க 'சத்தியமாக இல்லை'ன்னு எழுதி, கீழே ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க. இவ்வளவு அழுத்திப் பொய் சொன்ன ஆளை நான் பார்த்ததே இல்லைங்கிறார் ஆபீசர்.

– அது பொய் இல்ல மேடம்! கல்யாணம் முடியற வரைக்கும் என் விரல் நுனி கூட இவ மேல பட்டதில்ல.

– என்னது?

– அந்த ஆஸ்பத்திரி போட்டோ தவிர. அது மூணு நாள் குழந்தை.

– நீங்க என்ன சொல்றீங்க, எனக்குப் புரியல.

– மாமா, நீங்க வாயை மூடுங்க. நான் சொல்றேன். மேடம், அந்தக் கேள்வியை எனக்கும் தனியாக் குடுத்தாங்க. படிச்சதும் உடம்பே கூசிப் போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் அப்படி இப்படி இருந்தீங்களான்னு ஒரு ஆபீஸ்ல கேட்பாங்களா? வெளிநாட்டுக்காரங்க, எல்லாத்தையும் கேட்பாங்க போலன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதிக் குடுத்தேன்.

– என்ன எழுதினீங்க?

– 'நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை.'

– அது நீங்க எழுதினதா? சொந்தத்துல கட்டற குடும்பம் இல்லைன்னு ரெண்டு பேரும் பேசி வச்சு மறைச்சிருக்காங்கன்னு ஆபீசர் குறிச்சு வச்சிருக்கார். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

– அப்ப சொந்தமான்னுதான் கேட்டாங்களா?

– ஆமா. உறவுன்னா உறவுமுறை. ரத்த சம்பந்தம்.

– அப்ப சொந்தக்காரங்களான்னு கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே! 'திருமணத்திற்கு முன்பு உறவு இருந்ததா'ன்னு ராத்திரி பகலா யோசிச்சாலும் எந்தத் தமிழனுக்கு மேடம் மாமன் மருமக ஞாபகம் வரும்? இதே வார்த்தையை வீட்டுக்குப் போய் உங்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க. சட்டியைத் தூக்கி அடிப்பார்!

– மாமா, குரலைக் குறைங்க. மேடம்... மேடம், தண்ணி சிந்துது.

– அந்த ஃபாரத்தோட நகல் இருக்கா? இப்படிக் குடுங்க.

– இந்தாங்க. இங்கே, நடுவுல.

– 'இருவருக்கும் இடையே உறவு...' ஆமா. அப்படித்தான் இருக்கு. வேற யாராவது இதே தமிழ் ஃபாரம் எழுதினாங்களா? உங்களுக்குத் தெரிஞ்சவங்க?

– என்கூட வேலை பார்த்தவன் ஒருத்தன். வாய் ஓயவே ஓயாது, மோட்டார்னு கூப்பிடுவோம். அத்தை பொண்ணைக் கட்டினவன். இந்தக் கேள்வியைச் சாப்பாட்டு நேரத்துல எல்லாருக்கும் படிச்சுக் காட்டி விழுந்து விழுந்து சிரிச்சான். அவனும் இல்லைன்னுதான் எழுதினான்.

– அவரு இப்ப எங்கே?

– போன மாசம் அனுப்பிட்டாங்க. கைக்குழந்தையோட. பொய்த் தகவல்னு ஒத்தை வரி லெட்டர். போற அன்னிக்குக் கூட அவனுக்கு என்ன தப்பு பண்ணோம்னு தெரியல.

– அந்தக் குழந்தைக்கு நெத்தியில பெரிய மச்சம் இருக்கும்.

– ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?

– அன்னிக்கும் உள்ளே நான்தான் இருந்தேன். அவர் இல்லை இல்லைன்னு தலையில அடிச்சுக்கிட்டார். ஒரு எழுத்து குறைக்காம எடுத்துக் குடுத்தேன்.

– நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க, உங்க வேலை அது. கதவு திறக்குது பாருங்க, என்னைத்தான் கூப்பிடறார். உள்ளே வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. இந்த வார்த்தைக்குத் தமிழ்ல ரெண்டு அர்த்தம்னு. அது போதும்.

– சொன்னா, இத்தனை நாள் ஏன் யாருக்கும் தெரியலன்னு கேட்பாங்க. போனவங்க ஃபைல் அத்தனையும் மறுபடியும் திறப்பாங்க. இந்த ஃபாரத்துக்குப் பொறுப்பு யாருன்னு தேடுவாங்க.

– தேடட்டுமே மேடம்! எவனோ அரைகுறை எழுதினதுக்கு என் பொண்ணு ஏன் பள்ளிக்கூடத்தை விட்டுட்டுப் போகணும்? பிடிச்சு அவன் சீட்டைக் கிழிச்சு அனுப்பட்டும்!

– நீங்க ரெண்டு பேரும் இங்கேயே உட்காருங்க. முதல்ல நான் மட்டும் உள்ளே போறேன்.

– ஏன் மேடம்? அவர் கூப்பிடறது இவளைத்தானே?

– இந்தக் கேள்வியைத் தமிழ்ல எழுதினதே நான்தான்.