தொட்டியில் இறங்க அனுமதி

பனியனை அளக்கும்போது துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் அளவு வந்துவிடும். அருள்புரத்து பனியன் கம்பெனியில் நான் செக்கிங்கில் இருந்த இரண்டு வருடமும் அப்படித்தான் அளந்தோம். அரை அங்குலம் குறைந்தால் யாரும் செத்துப்போவதில்லை, சார்.

பிறகு கணினி படித்து, சாப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு வந்தேன். வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறைக்கு வெப் சாப்ட்வேர் செய்து கொடுத்தோம். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்க அனுமதி தருவது அதன் வேலை. தொட்டியில் பொருத்திய கருவி விஷவாயுவின் அளவை அனுப்பும். சரியாக இருந்தால் திரையில் பச்சை வரும், ஆள் இறங்கலாம். சாப்ட்வேரில் யார் எதை மாற்றினாலும் தானாக ஓடிச் சரிபார்க்கும் சோதனைகளை எழுதியது நான்தான். மொத்தம் நூற்று எண்பத்தாறு. பெற்ற பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டேன்.

பட்டறை ஆவியில் கருவி அடிக்கடி ஊமையாகிவிடும். அளவு வராவிட்டால் அனுமதியும் கிடைக்காது, வேலை நிற்கும். சூப்பர்வைசர் மயில்சாமி அண்ணன் போன் செய்துகொண்டே இருப்பார்.

"ஏன் கண்ணு, மிஷினு பேசலைன்னா நாங்களும் கையக் கட்டீட்டு நிக்கோணுமா?"

புதிய அளவு வராவிட்டால் பழைய அளவையே எடுத்துக்கொள்ளும்படி எங்கள் டெவலப்பர் மாற்றினார். உடனே என் சோதனைகளில் ஒன்று தோற்றுச் சிவப்பானது. அளவு இல்லையென்றால் அனுமதி இல்லை என்று பார்க்கிற சோதனை அது.

மறுநாள் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் பட்டறைக்கு வருவதாக இருந்தது. சோதனை முடிவுகளைப் பெரிய திரையில் காட்டப் போகிறோம். அந்த ஒற்றைச் சிவப்பைப் பார்க்கவே எனக்கு அவமானமாக இருந்தது. அதனால், அளவு இல்லையென்றாலும் அனுமதி உண்டு என்று சோதனையைத் திருத்தினேன். ஒரே ஒரு வார்த்தைதான். கைப்பழக்கம் என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் நானும் பட்டறைக்குப் போயிருந்தேன். காலையிலிருந்தே கருவி பேசவில்லை. தொட்டியைச் சுத்தம் செய்ய ஆரோக்கியராஜ் வந்தார், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். திரையில் பச்சை தெரிந்தது. அது நேற்றைய அளவு என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏ தங்கச்சி, வாடை ஒரு மாதிரி அடிக்கு. பாத்துச் சொல்லு, எறங்கலாமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பையர்களை வைத்துக்கொண்டு அதை எப்படி விளக்குவது?

"பச்சை காட்டுதுங்கண்ணா. எறங்குங்க," என்றேன்.

நான்கைந்து படி இறங்கியிருப்பார். விழுந்த சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொல்லி என்னிடம் கத்திவிட்டு, மயில்சாமி அண்ணன் கயிறு தேடி ஓடினார். நான் செய்துவிட்டேன் என்று நினைத்து வேறு யாரும் போன் செய்யவில்லை. நான் மடிக்கணினியைத் திறந்தேன்.

ஆரோக்கியராஜுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருப்பதாகச் சொன்னீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்ட்வேரில் பிழை இல்லை என்பதை மட்டும் தயவுசெய்து உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள், சார். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன்பே, முழுசாகப் பதினோரு நிமிடம் இருந்து, எல்லாச் சோதனைகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூடச் சிவப்பில்லை.